சுத்தமான ஆற்றுக்கு யார் பணம் போடுவது?

ஒரு மருந்து நிறுவனம் பல ஆண்டுகள் பணத்தைக் கொட்டி ஒரு மாத்திரையைக் கண்டுபிடிக்கிறது. நோயாளிகள் வாங்குகிறார்கள். போட்ட முதல் திரும்பி வருகிறது, லாபமும் வருகிறது. கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஒரு நல்ல முறையைக் கண்டுபிடிக்கும் பொறியாளருக்கு அப்படி வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர் கிடையாது. ஆலை தன் கழிவைச் சுத்தம் செய்தால் செலவு ஆலையின் தலையில். பலனோ ஆற்றின் கீழ்ப்பக்கம் குடியிருப்பவர்களுக்கு. புகைபோக்கியில் வடிகட்டி மாட்டினால் மின்சாரம் கூடுதலாக ஒரு யூனிட்கூடக் கிடைக்காது. பிழைப்பது பக்கத்தில் வசிப்பவர்களின் நுரையீரல்.

சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வுக்கான நிதி எப்போதும் இழுபறியிலேயே இருப்பதற்கு இதுதான் அடிப்படைக் காரணம். செலவு செய்ய வேண்டியவர் ஒருவர், பலன் பெறுபவர் இன்னொருவர். இந்த இடைவெளியை அடைக்கப் பொதுப்பணமோ சட்டமோ வந்தாக வேண்டும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வர வேண்டியிருக்கிறது. சூழல் மாசால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே இறக்கிறார்கள் என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2017-இல் கணக்கிட்டது. 2022-இல் புதுப்பித்தபோதும் எண்ணிக்கை அதே அளவில்தான் இருந்தது. இவ்வளவு பெரிய பிரச்சினைக்கு இன்னும் கூடுதல் நிதி வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். சொல்லவும் வேண்டும். ஆனால் இந்தத் துறையின் வரலாற்றைப் பார்க்கப் பார்க்க எனக்கு உறுதிப்படுவது வேறொன்று. எவ்வளவு பணம் என்ற கேள்விக்குச் சமமான கேள்வி, அது எந்தக் கட்டத்தில் வருகிறது, எத்தனை ஆண்டு நிற்கிறது என்பது. ஆய்வகத்தில் ஒரு புதிய யோசனையைச் சோதிக்கப் பணம் கிடைத்துவிடுகிறது. முடிவில் பெரிய நிலையம் கட்டவும் கடனோ மானியமோ கிடைக்கிறது. நடுவில் இருக்கும் சோதனை ஆலைக்கும், கட்டி முடித்த பிறகு வருடக்கணக்காக அளந்துகொண்டே இருப்பதற்கும்தான் கை விரிக்கிறார்கள்.

மான்செஸ்டரின் பாட்டில்கள்

இன்று உலகின் பெரும்பாலான நகரக் கழிவுநீர் நிலையங்கள் நம்பியிருக்கும் முறையைத் தமிழில் கிளர்வூட்டப்பட்ட கசடு முறை எனலாம். துறையில் இருப்பவர்கள் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் என்றே சொல்வார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் டேவிஹியூம் கழிவுநீர் நிலையத்தில் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். 1914 ஏப்ரலில் அதை அறிவித்தார்கள்.

அவர்கள் செய்த சோதனை பார்க்க மிக எளிமையானது. வெளிச்சம் படாமல் மூடிய கண்ணாடிப் பாட்டில்களில் கழிவுநீரை ஊற்றி அதற்குள் காற்றை ஊதினார்கள். நீரில் இருந்த அம்மோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாற முதல் முறை ஐந்து வாரம் பிடித்தது. அதோடு பாட்டிலைக் கழுவி வைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். அவர்கள் தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய கசட்டை அப்படியே விட்டு, அதன் மேல் புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். மறுபடி காற்று, மறுபடி வடிப்பு. ஒவ்வொரு சுற்றிலும் நேரம் குறைந்துகொண்டே வந்து கடைசியில் ஐந்து வார வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. அதுவரை தூக்கி எறிய வேண்டிய தொல்லையாகக் கருதப்பட்ட கசட்டில்தான் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் குடியிருந்தன. 1916-இலேயே வூஸ்டர் நகரில் இந்த முறையில் முழு அளவு நிலையம் ஓடத் தொடங்கிவிட்டது.

பாட்டிலிலிருந்து நகரத்துக்கு இரண்டே ஆண்டுகள். இந்த வேகம் எப்படிச் சாத்தியமானது என்று பார்த்தால் நிதியின் அமைப்பு கண்ணில் படும். இருவரும் மாநகராட்சியின் ஊழியர்கள். சம்பளம் கொடுத்ததும், முடிவு தேவைப்பட்டதும், அடுத்த தொட்டியைக் கட்டும் அதிகாரம் இருந்ததும் ஒரே தரப்பிடம். சோதனைக்கு வேண்டிய கழிவுநீர் பக்கத்துக் கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தது. 'தொழில்நுட்பத்தை ஆய்வகத்திலிருந்து களத்துக்குக் கொண்டுசெல்லுதல்' என்று இப்போது திட்ட விண்ணப்பங்களில் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அந்தப் பயணத்துக்கே அங்கு தேவை இருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆய்வு பல்கலைக்கழகங்களுக்குப் போனது. அதனால் நல்லது நிறைய நடந்தது. நுண்ணுயிரியலும் வேதியியலும் ஆழமாயின. ஆனால் பணம் கொடுப்பவர், ஆய்வு செய்பவர், நிலையத்தை நடத்துபவர் என்று மூன்று தரப்பாகப் பிரிந்தது. மூன்று தரப்புக்கும் மூன்று கால அட்டவணைகள்.

சட்டம் வந்த பிறகுதான் சந்தை

காரின் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒரு நல்ல பாடம். பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஹூட்ரி 1950-களிலேயே அமெரிக்காவில் இதற்கான வேலையில் இறங்கிக் காப்புரிமையும் பெற்றுவிட்டார். வாங்க ஆள் இல்லை. பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வினையூக்கியைப் பாழாக்கியது; ஈயத்தை எடுக்கச் சொல்லும் கட்டாயமும் யாருக்கும் இல்லை. 1970-இல் அமெரிக்கா கொண்டுவந்த தூய காற்றுச் சட்டம் புதிய கார்களின் ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு வெளியேற்றத்தை 90 சதவீதம் குறைக்க வேண்டும், அதையும் 1975-க்குள் செய்ய வேண்டும் என்றது. அதன் பிறகு பணம் எங்கிருந்தோ வந்தது. வினையூக்கியைத் தாங்க தேன்கூடு போன்ற பீங்கான் அமைப்பைக் கார்னிங் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். ஈயமில்லாத பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 1975 மாடல் கார்களில் கன்வெர்ட்டர் பொருத்தப்பட்டது.

நிலக்கரி மின்நிலையங்களின் கந்தக டை ஆக்சைடைக் கழுவி எடுக்கும் கருவிகளின் வரலாறும் ஏறக்குறைய இதே மாதிரிதான். காப்புரிமைகளை ஆண்டு வாரியாக எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள், அவை அதிகரித்தது சட்டம் வந்த காலத்தில்தான், சட்டம் வரும் என்ற எதிர்பார்ப்பே கூட ஆய்வைத் தூண்டியது என்று காட்டியிருக்கிறார்கள். அரசு ஆய்வுக்குக் கொடுத்த பணத்தால் மட்டும் அந்த விளைவு வரவில்லை.

சரி, அப்படியானால் சட்டத்தை மட்டும் கடுமையாகப் போட்டுவிட்டால் போதுமா? போதாது. எந்த அளவு சாத்தியம் என்று தெரியாமல் சட்டம் எழுத முடியாது. எழுதினாலும் நீதிமன்றத்தில் நிற்காது. சாத்தியம் என்று காட்ட ஓடும் கருவி ஒன்று வேண்டும். கருவியை ஓட்டிக் காட்டப் பணம் வேண்டும். சட்டம் இல்லாததால் தனியார் பணம் வராது. இந்தச் சுழலை உடைப்பதுதான் பொதுப்பணத்தின் மிக முக்கியமான வேலை என்று நான் நினைக்கிறேன். அந்தப் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் நடுக்கட்டம்.

யாரும் விரும்பாத நடுக்கட்டம்

ஒரு தொழில்நுட்பம் எந்தப் படியில் இருக்கிறது என்று சொல்ல நாசா 1970-களில் ஓர் அளவுகோலை உருவாக்கத் தொடங்கியது. இப்போது அது ஒன்பது படிகளாக நிலைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் உட்படப் பல நிதி அமைப்புகள் இதைப் பயன்படுத்துகின்றன. முதல் படி அடிப்படைக் கொள்கை. நான்காவது படி ஆய்வக நிரூபணம். ஒன்பதாவது படி, உண்மையான சூழலில் நம்பகமாக ஓடும் முழு அமைப்பு. அறிவியல் மானியங்கள் பெரும்பாலும் நான்காவது படியோடு நின்றுவிடும். வங்கியும் முதலீட்டாளரும் எட்டாவது படிக்குப் பிறகுதான் கதவைத் திறப்பார்கள். ஐந்து முதல் ஏழு வரை உள்ள படிகளைத் துறையில் 'மரணப் பள்ளத்தாக்கு' என்று சொல்வது வழக்கம்.

சோதனை ஆலை ஏன் அவ்வளவு தேவை? ஆய்வகத்தில் நாம் தயாரிக்கும் செயற்கைக் கழிவுநீர் ஒழுங்கானது. அளந்து போட்ட குளுக்கோஸ், அளந்து போட்ட அம்மோனியா, மாறாத வெப்பநிலை. உண்மையான கழிவுநீரில் முடியும் துடைப்புத் தாளும் வந்து பம்பை அடைக்கும். காலை எட்டு மணிக்கு வரும் நீரும் நள்ளிரவில் வரும் நீரும் ஒன்றல்ல. மழை பெய்தால் எல்லாம் நீர்த்துப்போகும். குளிர்காலத்தில் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும். எங்கோ ஓர் ஆலை சொல்லாமல் கொள்ளாமல் எதையாவது திறந்துவிட்டால் பல மாதம் வளர்த்த நுண்ணுயிர்க் கூட்டம் ஒரே இரவில் செத்துப்போகலாம். இதையெல்லாம் பார்க்கக் குறைந்தது ஓர் ஆண்டு முழுக்க, எல்லாப் பருவத்திலும், கருவி ஓட வேண்டும். அதற்கு இரவு வேலைக்கு ஆள், உதிரி பம்பு, மின்கட்டணம், மாதிரி எடுத்து அனுப்ப வண்டி, பழுது பார்க்க ஒரு நல்ல மெக்கானிக் என்று செலவு பிடிக்கும். இவற்றில் எதுவும் ஆய்விதழில் கட்டுரையாக வராது. மானியம் கொடுக்கும் குழுவுக்கு இது 'புதுமை இல்லாத வேலை'. வங்கிக்கு இது 'இன்னும் உறுதியாகாத தொழில்நுட்பம்'. இரண்டு பேரும் அவரவர் நோக்கில் சரியாகத்தான் சொல்கிறார்கள். திட்டம் மட்டும் நடுவில் கிடந்து சாகிறது.

1970-களில் சுண்ணாம்புக்கல் குழம்பால் புகையைக் கழுவும் கருவிகள் அடிக்கடி உப்புப் படிந்து அடைத்துக்கொண்டன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கென்டக்கி மாநிலத்தின் ஷானி மின்நிலையத்தில் 10 மெகாவாட் அளவிலான சோதனைக் கருவிகளைப் பொதுப்பணத்தில் நிறுவி வருடக்கணக்கில் ஓட்டியது. எந்த வேதியியல் நிலையில் படிவு வருகிறது, எப்படித் தடுப்பது என்று அங்கே கண்டறிந்ததெல்லாம் வெளிப்படையாகக் கிடைத்தன. மின்நிறுவனங்கள் தனித்தனியாக இதே தவறுகளைச் செய்து, தனித்தனியாக மறைத்து வைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவோடு பார்த்தால் அந்தப் பொதுச்செலவு சிறியது.

நெதர்லாந்தில் இதற்கு ஒரு நிரந்தர ஏற்பாடே இருக்கிறது. அங்கே நீர் வாரியங்கள் மிகப் பழைய அமைப்புகள். தேர்தல் நடத்தி, சொந்தமாக வரி வசூலித்து, வெள்ளத் தடுப்பையும் கழிவுநீரையும் பார்த்துக்கொள்கின்றன. இவை சேர்ந்து 1971-இல் ஒரு கூட்டு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கின. இன்று அதன் பெயர் ஸ்டோவா. எல்லா வாரியங்களும் பங்கு போடுகின்றன. எந்த ஆய்வு தேவை என்பதை நிலையம் நடத்துபவர்களே முன்வைக்கிறார்கள். மான்செஸ்டரில் ஒரே நகராட்சிக்குள் இருந்த ஒற்றுமையை ஒரு நாடு முழுக்க மறுபடி உருவாக்கியது போல எனக்குத் தோன்றுகிறது.

பலன் என்ன? டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் வான் லூஸ்ட்ரெக்ட் குழு, நுண்ணுயிர்க் கசட்டைத் தளர்வான துகள்களாக விடாமல் குருணைகளாக வளர்க்கும் முறையை உருவாக்கியது. குருணை சீக்கிரம் கீழே படியும், தொட்டி சிறிதாகும், மின்செலவும் குறையும். ஆய்வகத்திலிருந்து எபே என்ற ஊரில் முழு அளவு நகராட்சி நிலையமாக 2012-இல் அது திறக்கப்படும்வரை பத்தாண்டுக்கு மேல் பல்கலைக்கழகம், பொறியியல் நிறுவனம், ஸ்டோவா, நீர் வாரியங்கள் எல்லாம் சேர்ந்து சோதனை ஆலைகளுக்குத் தோள்கொடுத்தன. வான் லூஸ்ட்ரெக்ட் 2018-இல் புரூஸ் ரிட்மனோடு சேர்ந்து ஸ்டாக்ஹோம் நீர் விருது பெற்றார்.

அதே நாட்டில் நடந்த இன்னொன்று பொறுமையின் விலையைக் காட்டுகிறது. ஆக்சிஜன் இல்லாமலே அம்மோனியாவை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் அனாமாக்ஸ் நுண்ணுயிர்கள் மிக மெதுவாகப் பெருகுபவை. இரட்டிப்பாகப் பத்துப் பதினோரு நாள் ஆகும் என்பதுதான் அப்போதைய கணக்கு. ராட்டர்டாமில் 2002-இல் 70 கன மீட்டர் கொள்ளளவுள்ள முதல் முழு அளவு உலையில் இவற்றை வளர்க்கத் தொடங்கினார்கள். அது ஒழுங்காக ஓட மூன்றரை ஆண்டு ஆனது. இதை மூன்று ஆண்டு மானியத்தில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உலை உயிர்பிடிக்கும் முன்பே இறுதி அறிக்கை 'தோல்வி' என்று எழுதப்பட்டிருக்கும். வாரியம் விடாமல் பிடித்துக்கொண்டதால் அது பிழைத்தது. அங்கே வளர்ந்த கசடே அடுத்தடுத்த உலைகளுக்கு விதையானது.

சுவிட்சர்லாந்தின் ஒன்பது ஃபிராங்க்

நிதி ஏற்பாடு முதலிலிருந்து கடைசிவரை கோவையாக அமைந்த ஒரே ஓர் உதாரணம் காட்டச் சொன்னால் நான் சுவிட்சர்லாந்தைக் காட்டுவேன். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

நாம் விழுங்கும் வலி மாத்திரை, வலிப்பு மருந்து போன்றவற்றின் ஒரு பகுதி உடலைக் கடந்து கழிவுநீருக்குப் போகிறது. வழக்கமான நிலையங்களுக்கு இவற்றை நீக்கத் தெரியாது. அதற்காக அவை வடிவமைக்கப்படவும் இல்லை. லிட்டருக்கு மைக்ரோகிராம், நானோகிராம் கணக்கில் இருக்கும் இந்த நுண்மாசுகள் மீன்களைப் பாதிப்பது தெரிந்ததும் சுவிஸ் அரசு 2006-இல் ஓர் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. எவாக் என்ற கூட்டாட்சி நீர் ஆய்வு நிறுவனம் அதில் முக்கியப் பங்கு வகித்தது.

ஓசோன் இந்த மருந்து மூலக்கூறுகளை உடைக்கும் என்று ஆய்வகத்தில் முன்பே தெரியும். கேள்வி வேறு. கழிவுநீரில் கரைந்திருக்கும் மற்ற கரிமப் பொருட்களே ஓசோனைத் தின்றுவிடுமே, அப்படியானால் எவ்வளவு ஊத வேண்டும்? நீரில் புரோமைடு இருந்தால் புற்றுநோய் அபாயமுள்ள புரோமேட் உருவாகுமா? உடைந்த துண்டுகள் முதல் மூலக்கூறைவிட நச்சாக இருந்தால்? இவற்றைக் காகிதத்தில் தீர்க்க முடியாது. 2007-இல் ரெகென்ஸ்டார்ஃப் என்ற ஊரின் நிலையத்தில் ஓசோன் கருவியை முழு அளவில் பொருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு லோசானில் ஓசோனையும், மாசுகளைத் தன்மேல் ஒட்டிப் பிடிக்கும் தூள் கிளர்வுக் கரியையும் அருகருகே வைத்துச் சோதித்தார்கள். ஓசோனுக்குப் பிறகு ஒரு மணல் வடிகட்டி கட்டாயம் வேண்டும், அதில் வாழும் நுண்ணுயிர்கள்தான் உடைந்த துண்டுகளில் பலவற்றைத் தின்று முடிக்கின்றன என்பது இப்படித்தான் உறுதியானது. இந்த ஒரு முடிவு இல்லாமல் சட்டம் எழுதியிருந்தால், ஒரு மாசை எடுத்து இன்னொன்றை ஆற்றில் விடும் நிலையங்கள் நாடு முழுக்க வந்திருக்கும்.

அதன் பிறகே சட்டம். 2016 முதல் தேர்ந்தெடுத்த நிலையங்கள் மற்ற நுண்மாசுகளுக்கும் அடையாளமாக அளக்கப்படும் பன்னிரண்டு சுட்டுப் பொருட்களின் பட்டியலை வைத்து 80 சதவீதம் நீக்கிக் காட்ட வேண்டும். பணம்? கழிவுநீர் நிலையத்தோடு இணைக்கப்பட்ட ஒவ்வொருவர் பெயரிலும் ஆண்டுக்கு அதிகபட்சம் 9 ஃபிராங்க் வசூலித்து ஒரு கூட்டாட்சி நிதியில் போடுகிறார்கள். புதிய கட்டத்தை அமைக்கும் செலவில் 75 சதவீதத்தை அந்த நிதி தருகிறது. அமைத்து முடித்த நிலையத்துக்கு அதற்குமேல் வசூல் கிடையாது. சீக்கிரம் செய்பவருக்கு அதிலேயே ஊக்கம் கிடைத்துவிடுகிறது. டூபெண்டார்ஃபில் உள்ள நோய்குட் நிலையம் சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே, 2014-இல், ஓசோனை நிரந்தரமாக ஓட்டத் தொடங்கியது.

ஆய்வு, சோதனை ஆலை, சட்டம், நிதி என்று நான்கும் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. பத்தாண்டு ஆனது. இதைவிட வேகமாகச் செய்ய முடியும் என்று நான் நம்பவில்லை.

அளந்துகொண்டே இருப்பதற்கு யார் தருவார்?

கருவிகளுக்குக் கிடைக்கும் கவனம்கூட நீண்டகால அளவீட்டுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் மாசுக் கட்டுப்பாட்டின் பெரிய திருப்பங்கள் எல்லாம் அங்கிருந்துதான் வந்திருக்கின்றன.

கனடாவின் ஒன்டாரியோவில் சிறு ஏரிகளின் தொகுப்பு ஒன்றை 1968-இல் ஆய்வுக்காகவே ஒதுக்கினார்கள். டேவிட் ஷிண்ட்லர் குழு 226-ஆம் எண் ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும், மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தது. பாஸ்பரஸ் சேர்ந்த பக்கம் பாசி பிடித்துப் பச்சையாக மாறியது. வானிலிருந்து எடுத்த அந்த ஒரு புகைப்படம், சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்துவது பற்றிய வாதத்தையே மாற்றியது. அத்தனை புகழ்பெற்ற அந்த ஏரிகளுக்கான நிதியை 2012-இல் கனடா அரசு நிறுத்தப்போவதாக அறிவித்தது. விஞ்ஞானிகளும் பொதுமக்களும் போராடினார்கள். 2014-இல் ஒரு தனி ஆய்வு நிறுவனம் பொறுப்பேற்றுக் காப்பாற்றியது. நாற்பது ஆண்டுக்கு மேலான தொடர் பதிவு ஒரு பட்ஜெட் வரியில் அறுந்துபோகும் நிலைக்கு வந்தது.

ஹவாயின் மவுனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் தொடங்கிய கார்பன் டை ஆக்சைடு அளவீட்டிலும் 1964-இல் சில மாத இடைவெளி இருக்கிறது. காரணம் நிதி வெட்டு. போன மாதத்துக் காற்றை இந்த மாதம் போய் அளக்க முடியாது. விட்டது விட்டதுதான்.

அமெரிக்காவின் ஆறு நகரங்களில் 1970-களில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எட்டாயிரத்துச் சொச்சம் பேரைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். 1993-இல் வெளிவந்த முடிவு: காற்று மிக மோசமாக இருந்த நகரில் இறப்பு விகிதம், மிகச் சுத்தமான நகரைவிட 26 சதவீதம் அதிகம். 1997-இல் அமெரிக்கா பிஎம் 2.5 நுண்துகளுக்கு வரம்பு விதித்ததற்கு இது முக்கியமான ஆதாரம். இன்று கைப்பேசியில் எல்லோரும் பார்க்கும் காற்றுத் தர எண்ணின் பின்னால் இருப்பது, முதல் பத்தாண்டில் தலைப்புச் செய்தி எதையும் தராத ஓர் ஆய்வு. மூன்று ஆண்டில் 'தாக்கம்' காட்டச் சொல்லியிருந்தால் அது நடந்தே இருக்காது.

இப்போதைய போக்கு கவலை தருகிறது. 2025 ஜூலையில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் ஆய்வு மேம்பாட்டு அலுவலகத்தையே கலைக்கப்போவதாக அறிவித்தது. கட்டடத்தையும் கருவியையும் பிறகு வாங்கிவிடலாம். இருபது முப்பது ஆண்டு ஒரே விஷயத்தை அளந்து பழகிய ஆட்கள் கலைந்துபோனால் திரும்பச் சேர்ப்பது மிகக் கடினம்.

யார் கொடுத்த பணம்

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பேசாமல் விட முடியாது. கிளேர் பேட்டர்சன் பூமியின் வயதைக் கணக்கிட்ட புவிவேதியியலாளர். அந்த வேலையில் எங்கு பார்த்தாலும் ஈயம் கலந்து அளவீட்டைக் கெடுப்பதைக் கண்டு, காற்றிலும் கடலிலும் இவ்வளவு ஈயம் எப்படி வந்தது என்று தேடினார். பெட்ரோலில் சேர்க்கும் ஈயத்தில் போய் முடிந்தது. அவர் 1965-இல் அதை வெளிப்படையாக எழுதினார். எண்ணெய்த் தொழில் அமைப்பு கொடுத்துவந்த ஆய்வுப் பணம் நின்றது. காற்றில் உள்ள ஈயம் பற்றி 1971-இல் அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு அறிக்கை தயாரித்தபோது, அந்த விஷயத்தை எல்லோரையும்விட அறிந்த அவரைச் சேர்க்கவில்லை. பல்கலைக்கழகமும் வேறு நிதி வழிகளும் இருந்ததால் அவர் ஆய்வு தொடர்ந்தது.

அதற்காகத் தொழில்துறைப் பணமே ஆகாது என்று சொல்ல மாட்டேன். மாசை உண்டாக்குபவர் அதைக் குறைக்கும் ஆய்வுக்குப் பணம் தருவது நியாயம்தான். பணத்துக்கும் முடிவுக்கும் நடுவில் ஒரு சுவர் வேண்டும், அவ்வளவே. காற்று மாசு உடல்நலத்தை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய அமெரிக்காவில் 1980-இல் தொடங்கிய ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிடியூட் அப்படி ஒரு சுவரைக் கட்டிப் பார்த்தது. அதன் அடிப்படை நிதியில் பாதியைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் பாதியை வாகன உற்பத்தியாளர்களும் தந்தார்கள். எந்த ஆய்வு, யார் செய்வது என்பதைத் தனிக் குழு முடிவு செய்தது. ஆறு நகர ஆய்வைத் தொழில்துறை சந்தேகித்தபோது, மூலத் தரவுகளை வாங்கி முதலிலிருந்து மறுபடி கணக்கிட்டது இந்த நிறுவனம்தான். 2000-இல் வந்த மறுஆய்வு பழைய முடிவை உறுதிசெய்தது. பாதிப் பணம் வாகன நிறுவனங்களுடையது என்பதாலேயே அந்த உறுதிக்கு எடை கூடியது.

பிரச்சினை இருக்கும் இடமும் பணம் இருக்கும் இடமும்

மாசால் சாகிறவர்களில் பெரும்பாலானோர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். ஆய்வு நிதியில் பெரும்பகுதி பணக்கார நாடுகளில் இருக்கிறது. சர்வதேச வளர்ச்சி நிதியில் வெளிப்புறக் காற்று மாசுக்கென்று ஒதுக்கப்படுவது ஒரு சதவீத அளவில்தான் இருந்துவந்திருக்கிறது. குளிர்ந்த நாட்டு நீருக்கும் தடையில்லா மின்சாரத்துக்கும் வடிவமைத்த கருவி வெப்ப நாட்டில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதை அந்த மண்ணில் சோதிக்கத் தனி நிதி வேண்டும்.

பரிசுத் தொகை வைத்து ஈர்க்கும் முயற்சிகளும் நடந்தன. வங்கதேசத்தின் குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் தெரியவந்த பிறகு, அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாதமி அறிவித்த பத்து லட்சம் டாலர் கிரெய்ஞ்சர் பரிசை 2007-இல் அபுல் ஹுசாம் வென்றார். இரும்பும் மணலும் கரியும் அடுக்கிய, மின்சாரம் தேவைப்படாத வடிகட்டி அவருடையது. கேட்ஸ் அறக்கட்டளை 2011-இல் சாக்கடை இணைப்பு தேவைப்படாத கழிப்பறைக்கான போட்டியைத் தொடங்கியது. வீட்டுக்கு ஒன்று வைக்கும் கருவிக்குப் பரிசு முறை பொருந்துகிறது. ஒரு நகரத்தின் குழாய், நிலையம், அதை நடத்தும் ஆட்கள் என்ற மொத்த அமைப்புக்கு அது பொருந்தாது. அங்கே வேண்டியது ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வரும் சிறு தொகை.

அடுத்த சோதனை இப்போதே நடந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய நகரக் கழிவுநீர் ஆணை 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. நுண்மாசுகளை நீக்கும் கூடுதல் கட்டத்தின் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்கள் ஏற்க வேண்டும் என்கிறது அது. மருந்து நிறுவனங்கள் நீதிமன்றம் போயிருக்கின்றன. யார் ஜெயித்தாலும், கட்டவும் நடத்தவும் பணம் யாரிடமிருந்து வர வேண்டும் என்ற கேள்வியாவது சட்டத்தில் ஏறிவிட்டது.

அடுத்து ஏற வேண்டியது ஆய்வுக்கான பங்கு. பிஎஃப்ஏஎஸ் எனப்படும் அழியாத ஃபுளோரின் சேர்மங்களை எடுத்துக்கொள்வோம். குடிநீரில் இவற்றில் இரண்டுக்கு லிட்டருக்கு 4 நானோகிராம் என்று அமெரிக்கா 2024-இல் வரம்பு வைத்தது. கிளர்வுக் கரி இவற்றைப் பிடிக்கும், ஆனால் அழிக்காது. நிரம்பிய கரியை என்ன செய்வது? உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் நீரிலேயே எரிப்பது, மின்வேதியியல் முறையில் உடைப்பது என்று பல வழிகள் ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்கின்றன. உள்ளே போன ஃபுளோரின் முழுவதும் ஃபுளோரைடாக வெளியே வருகிறதா, ஒரு பகுதி சின்ன மூலக்கூறாகிப் புகையோடு தப்பிக்கிறதா என்று உண்மையான கழிவை வைத்து, உண்மையான அளவில், மாதக்கணக்கில் அளந்தால்தான் தெரியும். கரி மாற்றும் ஒப்பந்தத்துக்கு நிதி ஒதுக்கும் ஒவ்வொரு நீர் வாரியமும் அதே கோப்பில் இந்த அளவீட்டுக்கும் ஒரு தொகையை எழுத வேண்டும். அந்தத் தொகையைப் பத்து ஆண்டுக்கு வெட்ட முடியாதபடி எழுத வேண்டும்.